ஆயுத பூஜை அன்று கேட்ட சத்தம்

ஆயுத பூஜை அன்று மில் ஓடாது. ரிங் ஃபிரேமுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, கேட்டில் வாழைமரம் கட்டி, பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மூன்று ஷிஃப்ட் ஆட்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாத நூற்பாலை, அன்று சாயங்காலம் கோயில் பிரகாரம் மாதிரி இருக்கும். நாற்பது வருடம் மில்களில் எலக்ட்ரிகல் வேலை பார்த்தவன் நான். மில்லுக்கு என்ன நோய் என்று காதாலேயே கண்டுபிடிக்கக்கூடிய நாள் வருடத்தில் இரண்டோ மூன்றோதான் கிடைக்கும். ஆயுத பூஜை அதில் ஒன்று.

போன பூஜைக்கு அவிநாசிப் பக்கம் ஒரு மில்லுக்குப் போயிருந்தேன். என் பால்ய சிநேகிதரின் மில். அவர் உடம்பு முடியாமல் வீட்டோடு இருக்கிறார். இரண்டு வருடமாக மகன்தான் பார்த்துக்கொள்கிறான். பூஜை முடிந்ததும் கேட்டுக்கு எதிர்த்தாற்போல் இருக்கும் டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். டீ வருவதற்கு முன்பே, நாலாக மடித்த காகிதம் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான். புதுக் கம்பிரசருக்கான கொட்டேஷன்.

"இருக்கிற ரெண்டும் பழசாயிருச்சுங்க மாமா. ஆட்டோகோனர்ல அடிக்கடி பிரஷர் எறங்குது. கரண்ட் பில்லும் ஏறிட்டே போகுது. இது புது மாடல், பதினஞ்சு சதவீதம் மிச்சமாகும்ங்கறாங்க. கையெழுத்துப் போட்டுடலாமுங்களா?"

"டீயைக் குடி கண்ணு. குடிச்சிட்டு உள்ள போயி ஒரு சத்தம் கேப்போம். அதுக்கப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்" என்றேன்.

கம்பிரசர் விற்பவர் பொய் சொல்லவில்லை. புது மெஷின் பழையதைவிடக் குறைந்த கரண்டில் அதே அளவு காற்றைக் கொடுக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் காற்று எங்கே போகிறது என்பதை மெஷின் விற்பவர் பார்க்க மாட்டார். மில்லை நடத்துகிறவன்தான் பார்க்க வேண்டும். நான் அன்றைக்கு அவனிடம் சொல்ல நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: மிச்சம் பிடிக்க ஆரம்பிக்கிறவன் வால் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காற்று, சுழற்சி, குளிர்ச்சி எதுவானாலும் அது கடைசியில் பயன்படும் இடம் வால். கம்பிரசர் அறையும் டிரான்ஸ்ஃபார்மரும் தலை. வாலில் ஒரு பங்கு குறைத்தால் தலையில் பல பங்கு குறையும். தலையில் புது மெஷினை முதலில் வைத்துவிட்டால், வாலில் இருக்கும் ஓட்டைகளையும் அளந்து அதற்கும் சேர்த்து மெஷின் வாங்கியதாகிவிடும்.

"உன் மில்லுக்கு யு.கே.ஜி. எவ்வளவு?" என்று கேட்டேன். டக்கென்று சொன்னான். டிபார்ட்மென்ட் வாரியாகக் கேட்டேன். தெரியவில்லை. மொத்த மில்லுக்கும் ஒரே மீட்டர்தான், ஈ.பி. வைத்தது.

மில் பழக்கம் இல்லாதவர்களுக்கு: ரிங் ஃபிரேம் பஞ்சை நூலாக முறுக்கும் மெஷின், அதில் சுழலும் கதிர்தான் ஸ்பிண்டில். ஆட்டோகோனர் அந்த நூலைக் கோனில் சுற்றும் மெஷின். யு.கே.ஜி. என்றால் ஒரு கிலோ நூல் நூற்க எத்தனை யூனிட் கரண்ட் செலவாகிறது என்ற கணக்கு. நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு கரண்டும் கூலியும். பஞ்சு விலை நம் கையில் இல்லை. கூலியில் கை வைப்பதை நான் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. மிச்சம் இருப்பது கரண்ட். ஆனால் இந்த எண்ணை வெறுமனே பார்த்தால் ஏமாந்துபோவோம். நூல் மெல்லிசாக மெல்லிசாக ஒரு கிலோவுக்கு ஸ்பிண்டில் சுற்ற வேண்டிய சுற்று கூடிக்கொண்டே போகும். போன மாதம் 30-ஆம் நம்பர், இந்த மாதம் அதைவிட மெல்லிய 60-ஆம் நம்பர் ஓட்டினால் யு.கே.ஜி. ஏறத்தான் செய்யும், அதற்கு யாரையும் திட்டக்கூடாது. அதனால்தான் எல்லா நூலையும் 40-ஆம் நம்பருக்கு மாற்றிக் கணக்குப் பார்க்கும் பழக்கம் வந்தது. கோவையில் 1956-இல் தொடங்கிய சிட்ரா, அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கம், இப்படி மில்லோடு மில்லை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தை இந்தப் பக்கத்து மில்களுக்குப் பழக்கிக் கொடுத்தது.

பெரிய மில்லாக இருந்தால் சட்டமே கேட்கும். 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் எரிசக்தித் திறன் பணியகம், பி.இ.இ., தொடங்கியது. 2012-இல் அவர்கள் 8 துறைகளில் 478 பெரிய ஆலைகளுக்கு இலக்கு வைத்தார்கள். ஜவுளியும் அதில் ஒன்று. இவனுடைய 25,000 ஸ்பிண்டில் மில் அந்தக் கணக்கிலேயே வராது. இவனை யாரும் கேட்கப்போவதில்லை. இவனாகத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டீ வந்தது. காற்றிலிருந்து ஆரம்பித்தேன், கொட்டேஷன் அதற்குத்தானே.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும். சின்ன வயதில் எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். கம்பிரசரில் நாம் கொடுக்கும் கரண்டில் பெரும்பகுதி போகும் இடம் அந்தச் சூடுதான். பத்து யூனிட் கொடுத்தால் மெஷின் முனையில் உருப்படியான வேலையாகக் கிடைப்பது ஒன்று, இல்லையென்றால் இரண்டு. ஒரு ஆலைக்குள் ஓடும் சக்திகளில் இவ்வளவு விலை உயர்ந்தது வேறு இல்லை. கரண்ட் அனல் மின்நிலையத்திலிருந்து வந்தது என்றால், காற்று முனையில் கிடைத்த அந்த ஒரு யூனிட் வேலைக்காக எங்கோ ஆறேழு கிலோ நிலக்கரி எரிந்திருக்கும். ஆனால் காற்றுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தரையில் தேங்காது. எண்ணெய் ஒழுகினால் ஓடி வந்து துணி போட்டுத் துடைப்பார்கள். காற்று ஒழுகினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

7 பார் அழுத்தம் இருக்கும் குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தீக்குச்சித் தலையளவு. அதற்குக் காற்று கொடுக்க மட்டும் கம்பிரசர் ஏறக்குறைய 3 கிலோவாட் இழுக்கும். வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓடும் மில்லில் அது 24,000 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று ரவுண்டாக வைத்தால் 1,92,000 ரூபாய். ஒரு ஆள் மாதம் 16,000 சம்பளத்துக்கு வருடம் முழுக்க நின்று அந்தத் தீக்குச்சித் துவாரத்தை விரலால் அடைத்துக்கொண்டிருந்தாலும் கணக்கு சமமாகிவிடும். இதைச் சொன்னதும் அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"அப்போ ஓட்டையை அடைக்கணும். அது மெயின்டெனன்ஸ் பாத்துக்குவாங்க மாமா."

"பாத்துக்குவாங்கன்னா ஏன் பிரஷர் எறங்குது?"

எனக்கு முப்பது வயது இருக்கும்போது ஒரு மில்லில் இதே நிலைமை. பிரஷர் போதவில்லை என்று ஆட்டோகோனர் ஆட்கள் தினமும் புகார். மேலிடம் மூன்றாவதாக ஒரு கம்பிரசர் வாங்கிப் போட்டது. அழுத்தம் ஏறியது, எல்லோருக்கும் சந்தோஷம். அழுத்தம் ஏறினால் ஓட்டை வழியாகப் போகும் காற்றும் அதே விகிதத்தில் ஏறும் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு பார் ஏற்றத்துக்கும் கம்பிரசர் இழுக்கும் கரண்ட் ஆறேழு சதவீதம் கூடும் என்பதும் தெரியும். புதிதாகச் சேர்ந்தவன், வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் மறுபடியும் பிரஷர் போதவில்லை என்ற புகார் வந்தது. தாகம் என்று சொன்னவனுக்கு உப்புத் தண்ணீர் கொடுத்த கதை. அன்று பேசாமல் இருந்தது இன்றுவரை உறுத்துகிறது. அதனால்தான் இந்தப் பையனிடம் இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசினேன்.

இன்னொன்றும் சொன்னேன். ஓட்டையை அடைத்தவுடன் பில் அப்படியே குறைந்துவிடாது. சாதாரண ஸ்க்ரூ கம்பிரசர் டேங்க் நிறைந்ததும் அன்லோடில் போகும். காற்று அடிக்காது, ஆனால் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்படிச் சும்மா சுற்றுவதற்கே முழு லோடில் இழுப்பதில் முப்பது சதவீதம் போகும், சில மெஷினில் அதற்கு மேலும். ஆகவே கசிவை அடைத்தபின் அழுத்தத்தைத் தேவையான அளவுக்கு இறக்க வேண்டும், பிறகு இரண்டில் ஒரு கம்பிரசரை நிறுத்த முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சுவிட்சை அணைக்கிற நாளில்தான் முழு மிச்சமும் கைக்கு வரும். அதற்குப் பிறகும் மெஷின் மாற்ற வேண்டியிருந்தால் மாற்றலாம். அப்போது தேவைப்படுவது இந்தக் கொட்டேஷனில் இருப்பதைவிடச் சின்ன மெஷினாக இருக்கும்.

ஏர் கன்னையும் விட்டுவிடக்கூடாது. ரிங் ஃபிரேமில் படிந்த பஞ்சுத் தூசியை ஊதித் தள்ள 7 பார் காற்று தேவையே இல்லை. குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று கொடுக்கும் சின்ன ப்ளோயர் அந்த வேலையைச் செய்யும், கரண்டும் சொற்பமாகத்தான் இழுக்கும். ஷிஃப்ட் முடிந்து போகும்போது சட்டையில் ஒட்டிய பஞ்சை அதே கன்னால் ஊதிக்கொள்வதும் நடக்கிறது. கரண்ட் வீணாவது ஒரு பக்கம் இருக்கட்டும், அது உயிருக்கே கெடுதல். கண்ணிலோ காதிலோ புண்ணிலோ அந்தக் காற்று பட்டால் என்ன ஆகும் என்பதை மில்லில் வேலை பார்க்கும் பெண் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அடுத்தது ரிங் ஃபிரேம். எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

நூற்பாலையின் கரண்டில் ஏறக்குறைய பாதி, பல மில்களில் அதற்கும் மேல், ரிங் ஃபிரேமுக்கே போகிறது. ஒரு ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் சுற்றும். தனியாக எடுத்தால் அது பெரிய தீனிக்காரன் இல்லை. கணக்குக்கு ஸ்பிண்டிலுக்கு 30 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ஜீரோ வாட் பல்பு இரண்டு எரிகிற மாதிரி. ஆனால் இருபத்தைந்தாயிரம் ஸ்பிண்டில். இந்தப் பெருக்கலை மனதில் நிறுத்திக்கொண்டால் மில்லை வேறு கண்ணால் பார்ப்போம். ஒரு ஸ்பிண்டிலுக்கு ஒரே ஒரு வாட் குறைத்தால் மில்லுக்கு 25 கிலோவாட். 350 நாள் ஓட்டினால் 2,10,000 யூனிட், பதினாறு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.

அந்த ஒரு வாட் எங்கெங்கே ஒளிந்திருக்கும்? ஸ்பிண்டிலுக்கு ஊற்றும் எண்ணெய் தேவைக்கு மேல் கெட்டியாக இருக்கும். டேப் பழசாகி விறைத்துப்போயிருக்கும், இல்லாவிட்டால் அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டியிருப்பார்கள். பாபின் கோணலாகி ஆடிக்கொண்டு சுற்றும். ஸ்பிண்டிலே பழைய கனமான மாடலாக இருக்கும். இத்தனைக்கும் மேலே ஒரு விஷயம்: ஸ்பிண்டில் கரண்டை இழுப்பதில் பெரும்பங்கு, நூல் சுற்றிய பாபின் காற்றைக் கிழித்துக்கொண்டு சுற்றுவதற்காக. பாபின் பருக்கப் பருக்கக் காற்று தடுப்பது கூடும். மின்விசிறியை ஒரு கட்டம் கூட்டி வைக்கும்போது இறக்கை எவ்வளவு சிரமப்பட்டுச் சுற்றுகிறதோ, அதே சிரமம் இங்கே இருபத்தைந்தாயிரம் முறை நடக்கிறது. வேகத்தைக் கூட்டினால் உற்பத்தி ஏறும், ஆனால் கரண்ட் அதைவிட வேகமாக ஏறும். ஆர்டர் கம்மியாக இருக்கும் மாதத்தில் எல்லா ஃபிரேமையும் உச்ச வேகத்தில் விரட்டுவதற்கு என்ன அவசியம் என்று கேட்டேன். யோசித்துக்கொண்டிருந்தான்.

பிறகு அறுந்த இழை. நூல் அறுந்த இடத்தில் ஸ்பிண்டில் நிற்காது, வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கும். மேலேயிருந்து இறங்கும் பஞ்சை உறிஞ்சுக்குழாய் இழுத்துக் கழிவுப் பெட்டியில் தள்ளும். ஸ்பிண்டிலுக்கும் கரண்ட் போகிறது, உறிஞ்சும் ஃபேனுக்கும் போகிறது, கிடைப்பது கழிவு. சைடர் பெண் வந்து இழையை எடுத்து ஒட்டும்வரை இதே கதி. ஒரு சைடருக்கு எத்தனை ஸ்பிண்டில் கொடுத்திருக்கிறோம், அவள் ஒரு சுற்று நடந்து வர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதெல்லாம் ஆள் கணக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது கரண்ட் கணக்கும்கூட. ஆள் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒருத்தி தலையில் அளவுக்கு மேல் கட்டினால் அந்த மிச்சம் மீட்டர் வழியாகப் போய்விடும். இதை எந்த ஆடிட் ரிப்போர்ட்டும் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

"மாமா, ரிங் ஃபிரேம் சூடு இருக்குதுங்களே, அதையும் நாமதானே காசு குடுத்து வெளிய தள்றோம்?" என்று அவனாகவே கேட்டான். கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாலிலிருந்து பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

ஆமாம். மோட்டாருக்குப் போகும் கரண்ட் கடைசியில் பெரும்பாலும் சூடாகத்தான் மாறும். அந்தச் சூட்டை வெளியேற்றவும், நூல் அறாமல் இருக்க ஈரப்பதம் காக்கவும் ஹியூமிடிட்டி பிளான்ட் ஓட வேண்டும். பருத்தி நூலுக்கு ரிங் ஃபிரேம் பகுதியில் 55, 60 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவையை ஓரளவு குளுமையாக வைத்திருப்பதும், 1930-களில் வந்த பைக்காரா மின்சாரமும், சுற்றிலும் இருந்த கரிசல் மண் பருத்தியும் சேர்ந்துதான் இங்கே இத்தனை மில்களைக் கொண்டுவந்தன. அந்தக் காற்று ஆடி மாதத்தில் ஜிலுஜிலுவென்று வீசும்போதும் பல மில்களில் பிளான்ட் ஃபேன்கள் சித்திரை வெயிலுக்கு ஓடிய அதே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். காற்று அதிகமானால் டேம்பரைப் பாதி மூடிவிடுவார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக்கையும் பிடிக்கிற மாதிரி அது.

ஃபேனில் இயற்கை நமக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. வேகத்தைக் குறைத்தால் காற்றின் அளவு அதே விகிதத்தில் குறையும். ஆனால் அந்தக் காற்றைத் தள்ளும் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் குறையும். இரண்டையும் பெருக்கினால் கரண்ட், வேகத்தின் கனமாகக் குறைகிறது. பத்தில் எட்டுப் பங்கு வேகத்தில் ஓட்டினால் 0.8-ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும்: 0.512. காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, கரண்ட் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ட்ரைவ் போட்டு, ஈரப்பத சென்சார் சொல்வதற்கு ஏற்ப ஃபேன் வேகத்தை மாற்றினால் இரவிலும் மழைக்காலத்திலும் இந்த மிச்சம் தானாக வந்துகொண்டே இருக்கும். நூற்பாலையில் பணம் போட்டு வாங்க வேண்டியவற்றில் முதல் இடம் இதற்குத்தான் கொடுப்பேன். ரிங் ஃபிரேமில் ஏற்கெனவே குறைத்த அந்த ஒரு வாட் இங்கேயும் வந்து உதவும், தள்ள வேண்டிய சூடு குறைந்துவிட்டதல்லவா.

மோட்டார்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னேன். 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் செய்த கோவை மண் இது. மோட்டாரைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் எரிந்த மோட்டாரைத் திரும்பத் திரும்ப ரீவைண்டிங் செய்து ஓட்டுவதைச் சிக்கனம் என்று இன்னும் நம்புகிறோம். 15 கிலோவாட் மோட்டாரை எடுத்துக்கொள்ளலாம். பழைய ஐ.இ.1 ரகத்தின் திறன் 88.7 சதவீதம், ஐ.இ.4 ரகத்தின் திறன் 93.9. பார்க்க ஐந்து சதவீதம்தான். 8,000 மணி நேரம் முழு லோடில் ஓடினால் வருடத்துக்கு 7,500 யூனிட், அறுபதாயிரம் ரூபாய். பழைய வைண்டிங்கைக் கண்டபடி கொளுத்தி எடுத்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளும் கெட்டு, திறன் இன்னும் இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை எல்லாம் கழற்றி எறிய வேண்டாம். எரிகிறபோது ரீவைண்டிங் கடைக்கு அனுப்பாமல் மாற்றினால் போதும். எதை மாற்றப்போகிறோம் என்ற பட்டியல் மட்டும் முன்கூட்டியே சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மோட்டார் எரிந்தால் கையில் கிடைத்ததைத்தான் மாட்டுவார்கள்.

பில்லில் இருக்கும் பவர் ஃபேக்டர் பற்றி அவனுக்கு ஒரு குழப்பம் இருந்தது. டம்ளரைக் காட்டினேன். மாஸ்டர் தூக்கி ஆற்றிய டீயில் மேலே நுரை. குடிக்கப்போவது டீயைத்தான், ஆனால் டம்ளர் நுரைக்கும் சேர்த்து இடம் கொடுத்தாக வேண்டும். மோட்டார்கள் காந்தப்புலத்துக்காக இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும் கரண்ட் அந்த நுரை. ஈ.பி. நம்மிடம் கே.வி.ஏ. டிமாண்டுக்கு என்று தனியாக வாங்குவது டம்ளருக்கான வாடகை. கெப்பாசிட்டர் போட்டால் நுரை அடங்கும், சின்ன டம்ளர் போதும், டிமாண்ட் கட்டணம் குறையும். அவசியம் செய்ய வேண்டும். ஆனால் டீயின் அளவு மாறாது. நூல் நூற்க ஆகும் யூனிட் கெப்பாசிட்டரால் ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடாது. பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டினால் யூனிட் பாதியாகிவிடும் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு என்றேன்.

"நமக்குத்தான் காத்தாலை இருக்குதுங்களே மாமா. அந்தக் கரண்ட் நம்முளுதுதானே. சோலாரும் போடலாம்னு இருக்கறேன்."

போடு என்றேன். நல்ல விஷயம்தான். 2008 கடைசியிலிருந்து சில வருடங்கள் மின்வெட்டில் இந்தப் பக்கத்து மில்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். டீசல் ஜெனரேட்டர் புகையில் நின்றுகொண்டு இராத்திரி முழுக்க மில் ஓட்டியிருக்கிறோம். காற்றாலை வைத்திருந்தவர்கள் அப்போது ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். ஆனால் காற்றுச் சீசன் மே முதல் செப்டம்பர் வரைதான் நன்றாக இருக்கும். மற்ற மாதங்களில் வாங்குகிற கரண்டைத்தான் ஒழுகவிடுகிறோம். காற்றாலைக் கரண்டானாலும் அது முதல் போட்டு எடுத்தது, இனாம் இல்லை. கூரை மேல் எத்தனை கிலோவாட் பேனல் வேண்டும் என்ற கணக்கையும் கசிவை அடைத்து, ஃபேனைக் குறைத்து, ஆறு மாதம் மீட்டர் பார்த்த பிறகு போட்டால் பேனலே குறைவாகத் தேவைப்படும். கொட்டேஷன் கதைதான் அங்கேயும்.

மணி ஆறு தாண்டியிருந்தது. இரண்டாவது டீயும் முடிந்தது. காசு கொடுத்துவிட்டு உள்ளே போனோம்.

டூட்டியில் இருந்த எலக்ட்ரீஷியனிடம் ஒரு கம்பிரசரை மட்டும் போடச் சொன்னேன், 55 கிலோவாட் மெஷின். மில் நிற்கிறது, எந்த மெஷினும் காற்று எடுக்கவில்லை. டேங்க் நிறைந்து அன்லோடுக்குப் போனதும், இனி மறுபடி லோடுக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது, லோடில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அவனையே செல்போனில் பார்க்கச் சொன்னேன். கசிவே இல்லாத மில்லில் அது அன்லோடிலேயே கிடக்க வேண்டும். இங்கே லோடில் 32 விநாடி, அன்லோடில் 48 விநாடி. ஐந்தாறு முறை பார்த்தோம், ஏறக்குறைய அதேதான். 32-ஐயும் 48-ஐயும் கூட்டினால் 80. அதில் 32 என்றால் நாற்பது சதவீதம்.

"ஒரு கம்பிரசர் குடுக்கிற காத்துல நாப்பது சதவீதம் யாருக்கும் இல்லாமப் போகுதுங்களா?"

"மில்லு நிக்கறப்ப. ஓடறப்ப மெஷினுக்குள்ள தெறக்கற வால்வு, ஓஸ் எல்லாம் சேந்தா இன்னும் கூடும்."

55-இல் நாற்பது சதவீதம் 22 கிலோவாட். ஒரு நாளைக்கு 528 யூனிட். 350 நாளுக்கு 1,84,800. அவனே செல்போனில் எட்டால் பெருக்கிப் பார்த்தான். பதினாலே முக்கால் லட்சத்துக்கும் மேல். எண்ணைப் பார்த்தபடியே நின்றான்.

பிறகு கம்பிரசர் அறையை விட்டு வெளியே வந்து ஆட்டோகோனர் பக்கம் நடந்தோம். விளக்கை எல்லாம் போடவில்லை. இருட்டில், பொரி வாசனையோடு நின்று கேட்டபோது நாலு பக்கமும் அந்தச் சத்தம். புதருக்குள் பாம்பு சீறுகிற மாதிரி ஒன்று, மூக்கு அடைத்த குழந்தை மூச்சு விடுகிற மாதிரி இன்னொன்று. நான் சோப்புத் தண்ணீர் கேட்கலாம் என்று திரும்பினேன். அவன் அதற்குள் மூன்றாவது மெஷினின் ரெகுலேட்டர் அருகே குனிந்திருந்தான். பூஜையில் யாரோ குழாய் இணைப்பின் மேலேயே தாராளமாகச் சந்தனம் அப்பியிருந்தார்கள். அது இன்னும் காயவில்லை. ஈரச் சந்தனத்தில் குமிழ் குமிழாக வந்து வெடித்துக்கொண்டிருந்தது.

கொட்டேஷன் காகிதத்தின் ஓரத்தைக் கிழித்தான். அதில் பேனாவால் 1 என்று எழுதி, வாழைமரத்தில் கட்டியது போக மிச்சமிருந்த சணலால் அந்தக் குழாயில் கட்டினான்.

"ஃபிட்டருக்குப் போன் போடட்டுமுங்களா மாமா?"

"பண்டிகை நாளு கண்ணு. காலைல வரட்டும். நீ ரெண்டாம் நம்பரைத் தேடு."